ஊரில் மனைப்பிரிவு வருகிறதா? ஆட்சேபிக்கும் முறை, புல எண் முதல் உயர் நீதிமன்றம் வரை

காலையில் வயலுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கற்கள்தான். நேற்றுவரை வரப்பு இருந்த இடத்தில் மஞ்சள் பூசிய கல் வரிசை. நடுவே கிராவல் கொட்டிய பாதை. சாலையோரத்தில் வண்ணக் கொடிகளும் ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற பலகையும். அன்று மாலையே ஊர் கூடும். ஒரு மனு எழுதப்படும், இருநூறு பேர் கையெழுத்திடுவார்கள், அடுத்த திங்கட்கிழமை அது ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப்படும்.

நாங்களும் முதல் முறை அப்படித்தான் செய்தோம். விவசாயம் அழிகிறது, வாழ்வாதாரம் போகிறது என்று மூன்று பக்கம் எழுதியிருந்தோம். மூன்று பக்கத்தில் ஒரு புல எண் (சர்வே எண்) கூட இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில், மனுவில் குறிப்பான விவரம் எதுவும் இல்லாததால் கோப்பு முடிக்கப்பட்டதாக இருந்தது. கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த மனுவை வைத்துக்கொண்டு ஓர் அலுவலர் எந்த நிலத்தில் போய் எதை அளந்திருப்பார்?

இரண்டாவது மனு ஒன்றரைப் பக்கம்தான். நில அளவர் வந்தார். இந்த இரண்டு மனுக்களுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்குப் பொருந்தும்.

1. எதை எதிர்க்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பட்டா நிலத்தை விற்பது உரிமையாளரின் உரிமை. ‘எங்கள் ஊரில் வீடே கட்டக் கூடாது’ என்ற ஆட்சேபம் எந்த மேசையிலும் நிற்காது. நிற்கக்கூடியவை வேறு: பாசன வாய்க்காலோ ஓடையோ மனைக்குள் போய்விட்டது, வண்டிப்பாதை அடைபட்டது, ஏரிக்கு வரும் நீர்வரத்து மறிக்கப்பட்டது, புறம்போக்கு சேர்த்துக் காட்டப்பட்டது, நஞ்சையை மாற்ற முறையான அனுமதி இல்லை, அணுகுசாலை போதாது, மழைநீர் பக்கத்து வயலில் பாயும்படி மேடாக்கியிருக்கிறார்கள், கழிவுநீருக்கு வழி சொல்லவில்லை.

மனு ஏற்கப்படுமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, ‘இதை யாராவது நேரில் வந்து அளக்கவோ பதிவேட்டில் பார்க்கவோ முடியுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘யார் யாரோ குடிவந்துவிடுவார்கள்’ என்ற பேச்சு இத்தகைய கூட்டங்களில் நிச்சயம் எழும். அதற்குப் பின்னால் பல நேரம் சாதிதான் இருக்கும். உங்கள் ஊரின் உண்மையான எதிர்ப்பு அதுதான் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது அல்ல. அது இல்லை என்றால், அந்தப் பேச்சைக் கூட்டத்திலேயே நிறுத்துங்கள். மனுவில் அதன் வாசனை இருந்தால் வாய்க்கால் பற்றிய நியாயமும் சேர்ந்து கெட்டுவிடும்.

2. காகிதங்களைச் சேகரியுங்கள்

முழு வழிகாட்டியில் இந்தப் படிதான் முக்கியம். மற்றதெல்லாம் இதன் மேல் நிற்பவை.

முதலில் புல எண்கள். விற்பனைத் துண்டுப் பிரசுரத்திலேயே சில நேரம் இருக்கும். இல்லையென்றால் பக்கத்து வயல்காரரின் பட்டாவிலிருந்து தொடங்கி, கிராம வரைபடத்தில் அடுத்தடுத்த எண்களைப் பிடியுங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று ஆவணங்கள்: அ-பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று. முதல் இரண்டையும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். சான்றிட்ட நகல் பின்னால் நீதிமன்றத்துக்குத் தேவைப்படும். அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

அ-பதிவேட்டில் அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். புறம்போக்கு என்றால் எந்த வகை என்றும் குறித்திருப்பார்கள்: ஓடை, வாய்க்கால், குளம், வண்டிப்பாதை, மயானம், களம். மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அதை ஆடு மாடு விஷயம் என்று ஒதுக்காதீர்கள், அது ஊரின் பொதுச் சொத்து. ஒரு பெரிய மனைப்பிரிவுக்கு நடுவே பத்து சென்ட் வாய்க்கால் புறம்போக்கு ஒன்று தனி உட்பிரிவு எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் உள்ள பட்டா நிலங்களை வாங்கியவர், நடுவில் இருப்பதையும் வாங்கியதுபோலவே சமன் செய்துவிடுவார்.

எங்கள் ஊரில் நடந்தது இதுதான். புல வரைபடத்தை அச்செடுத்து, மனைத் திட்ட வரைபடத்தை அதே அளவுத்திட்டத்துக்குச் சுருக்கி, இரண்டையும் சன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பார்த்தோம். வாய்க்காலைக் காட்டும் இணைகோடு, 30 அடி சாலை என்று போட்டிருந்த இடத்தில் பாதித் தூரம் போய், பிறகு ஐந்து மனைகளின் குறுக்கே ஓடியது. ஒரு வயதானவர் பென்சிலால் அந்தக் கோட்டின் மேல் மெதுவாக இழுத்துவிட்டு, ‘இதோ மதகு, இங்கே கிளை பிரியும்’ என்றார். அவர் சொன்ன இடத்தில் வரைபடத்திலும் ஒரு சிறு வளைவு இருந்தது. எங்கள் இரண்டாவது மனு அந்தச் சன்னலில்தான் பிறந்தது.

பதிவேட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். 1980-களை ஒட்டி நடந்த யூ.டி.ஆர். நில ஆவண மேம்பாட்டின்போது வகைப்பாடு மாறிய, பெயர் தவறிய இடங்கள் நிறைய உண்டு. இன்று பட்டா என்று இருப்பது அதற்கு முந்தைய பதிவேட்டில் ஓடையாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் பழைய அ-பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பட்டியல் வகுப்பினருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, நிலமற்றவர்களுக்குத் தானமாகக் கிடைத்த பூமிதான நிலமா என்பதையும் இதே கையோடு பார்த்துவிட வேண்டும். பஞ்சமி நில ஒப்படைப்பு 1892-இல் தொடங்கியது. அதை மற்ற வகுப்பினருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை அதோடு வருகிறது. அப்படி ஒரு புல எண் உள்ளே இருந்தால், மனைப்பிரிவு அந்த ஒரு காரணத்திலேயே ஆட்டம் காணும்.

புகைப்படங்களைத் தேதியோடு எடுங்கள். மழை பெய்து தண்ணீர் ஓடும் நாளில் எடுத்த ஒரு படம், கோடையில் எடுத்த ஐம்பது படங்களுக்குச் சமம். செயற்கைக்கோள் வரைபடச் செயலிகளில் பழைய ஆண்டுப் படங்களும் கிடைக்கும். வாய்க்கால் கரையின் மரவரிசை அவற்றில் தெளிவாகத் தெரியும்.

3. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது?

பலர் ஊராட்சித் தலைவரை மட்டும் சுற்றிச் சுற்றி வருவார்கள். கிராம ஊராட்சிப் பகுதியில் மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை. சென்னைப் பெருநகரப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். சாலைகளையும் பொது இடத்தையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்த பிறகுதான் இறுதி ஒப்புதல். ஆகவே உங்கள் ஆட்சேபம் தொழில்நுட்ப ஒப்புதலுக்கு முன்பே மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமாகிவிட்டால், இறுதி ஒப்புதலுக்கு முன்பாவது ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலருக்கு எழுதுங்கள்.

அடுத்து, அந்த இடம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியா, வெளியேயா என்று பாருங்கள். உள்ளே என்றால், விவசாய மண்டலத்தைக் குடியிருப்பாக மாற்ற நில உபயோக மாற்றம் வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்லக் கடைசி நாளும் அதிலேயே இருக்கும். யார் கண்ணிலும் படாத பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பு அது. ஊரில் ஒருவருக்கு அதைத் தினமும் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். வெளியே என்றால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது குறித்த 2017-ஆம் ஆண்டு விதிகளும் வருகின்றன. வேளாண்மைத் துறையின் கருத்து கேட்கப்படும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரும் உள்ளே வருவார். ‘தரிசாகக் கிடந்த நிலம்’ என்று வேளாண் அலுவலருக்குச் சொல்லப்பட்டிருக்கலாம். மூன்று பசலிக்கான (பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு) அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், நெல் என்று இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மனைப்பிரிவு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லப் போவதில்லை. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 6(1) பிரிவின் கீழ் ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. ‘விளக்கம் தருக’, ‘ஏன்’ என்றெல்லாம் கேட்காதீர்கள். இருக்கும் ஆவணத்தின் நகலை மட்டும் கேளுங்கள். நாங்கள் கேட்டவை: விண்ணப்பத்தின் நகல், உத்தேச மனை வரைபடம், வட்டாட்சியர் அறிக்கை, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, வேளாண்மைத் துறையின் கருத்து, தள ஆய்வுக் குறிப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் உள்ளதை வைத்து ஒரு மனு கொடுத்துவிட்டு, ஆவணம் வந்ததும் கூடுதல் மனு கொடுக்கலாம்.

4. மனுவை எழுதுவது

பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான அமைப்பே போதும். பொருளில் கிராமம், வட்டம், புல எண்கள். பிறகு ஒரு காரணத்துக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் இடம், ஆவணம், பாதிப்பு, கோரிக்கை என நான்கும் இருக்க வேண்டும்.

எங்கள் முதல் மனுவில் இருந்த வரி: ‘பல தலைமுறைகளாகப் பாசனம் பெற்றுவரும் வாய்க்காலை அழித்து விவசாயிகளின் வயிற்றில் அடிக்கிறார்கள்.’

இரண்டாவது மனுவில் அதே விஷயம் ஏறக்குறைய இப்படி இருந்தது (எண்களை மாற்றியிருக்கிறேன்): ‘புல எண் 112/3, அ-பதிவேட்டின்படி வாய்க்கால் புறம்போக்கு. உத்தேச மனை வரைபடத்தில் மனை எண் 14 முதல் 18 வரை இதன் மேல் அமைகின்றன. இந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பகுதியில் உள்ள 117, 118, 121 ஆகிய புலங்கள் பாசனம் பெறுகின்றன. அவற்றின் அடங்கல் நகல் இணைப்பு 4. புலத்தை அளந்து எல்லைக்கல் நட்டு, வாய்க்காலை விலக்கித் திருத்திய வரைபடம் பெறப்படும்வரை ஒப்புதல் வழங்க வேண்டாம் எனக் கோருகிறோம்.’

முதல் வரியைப் படித்துவிட்டு அலுவலர் தலையாட்டலாம். இரண்டாவதைப் படித்தவர் 112/3-ஐப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அந்த மனு அவருக்கு எதிரான சாட்சி. அது அவருக்கும் தெரியும்.

இருநூறு பேர் ஒரே தாளில் கையெழுத்திடுவதைவிட, பாதிக்கப்படும் பத்து விவசாயிகள் தத்தம் புல எண்ணோடு தனித்தனியாக மனு கொடுப்பது வலுவானது. ஒரே வாசகத்தை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். சட்ட மேற்கோள் ஒன்றிரண்டு போதும். நீர்நிலை என்றால் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஊர்ப் பொது நிலம் என்றால் ஜக்பால் சிங் வழக்கில் 2011-இல் சொன்னது. இரண்டுமே ஆக்கிரமிப்பை முறைப்படுத்துவதற்கு எதிரானவை.

சட்டத்தைத் தவறாகச் சொல்வது சொல்லாமலே இருப்பதைவிட மோசம். காவிரிப் படுகையில் உள்ளவர்கள் ‘எங்கள் மாவட்டம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இங்கே மனை போடவே கூடாது’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். 2020-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. இப்படி ஒரு பிழை இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்பது காரணங்களையும் தாண்டிப் போய்விடுவார்.

5. கிராம சபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் மட்டுமே மனைப்பிரிவை ரத்து செய்துவிடாது. அப்படி நம்பி ஏமாந்த ஊர்கள் உண்டு. ஆனால் ஊரின் நீர்வழி எது, பாதை எது என்று ஊரே கூடிப் பதிவு செய்த ஆவணம் நீதிமன்றத்தில் பேசும். தீர்மானத்திலும் புல எண்கள் வேண்டும். குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) எட்டியிருக்கிறதா என்று வருகைப் பதிவைக் கவனியுங்கள், பதிவேட்டில் ஏறிய வாசகத்தை அன்றே படியுங்கள், சில நாளில் நகல் கேளுங்கள். கூட்டத்தில் வாசித்தது ஒன்று, ஏட்டில் ஏறியது ஒன்று என்பது நடக்காத விஷயமல்ல.

6. கொடுப்பதும் ஒப்புகை பெறுவதும்

நகர் ஊரமைப்பு அலுவலகம், ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சி. ஏழு பேருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். ‘நகல்’ என்று கீழே எழுதிவிட்டு அனுப்பாமல் விடாதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும். தபால் என்றால் ஒப்புகையோடு. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் கவுன்டரில் ஒப்புகை அட்டை வேண்டும் என்று கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் வையுங்கள்.

ஆய்வுக்கு வரும் நாள் தெரிந்தால் நிச்சயம் அங்கே இருங்கள். மூன்று பேர் போதும். அதில் ஒருவர் வாய்க்காலின் தலைமுதல் கடைவரை நடந்து காட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். கல்லைப் பிடுங்குவது, ஜே.சி.பி.யை மறிப்பது வேண்டாம். அதன் பிறகு பேச்சு வாய்க்காலைப் பற்றி இருக்காது, உங்கள் மேல் போட்ட வழக்கைப் பற்றித்தான் இருக்கும்.

7. பெரிய திட்டமா?

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலோ, நகரியமாக (டவுன்ஷிப்) 50 ஹெக்டேரைத் தொட்டாலோ 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கட்டுமானத் திட்டங்களுக்கு அந்த அறிவிக்கை கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நீங்களாகவே எழுத வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி பற்றியும் கேளுங்கள்.

8. ஒப்புதலே வாங்கவில்லை என்றால்

இது உண்மையில் எளிதான நிலை. ஒப்புதல் இல்லாத மனையைப் பத்திரப்பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது, 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. புல எண்களைக் குறிப்பிட்டுச் சார்பதிவாளருக்கு எழுதுங்கள். அனுமதியற்ற வளர்ச்சிப் பணியை நிறுத்தவும் அகற்றவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் இருக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்வதே தவறு. ஆகவே சாலையோரப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். பதிவு எண் இருந்தால் ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடமே அங்கே கிடைக்கலாம்.

9. நீதிமன்றம்

உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் மனு போடலாம். முதலில் நீதிபதிகள் கேட்பது, ‘அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா?’ ஆறாம் படியில் சேர்த்த முத்திரைகள் இங்கே கைகொடுக்கும். பல வழக்குகளில் உத்தரவு, மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்ற அளவில்தான் இருக்கும். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். நல்ல மனுவாக இருந்தால் அந்த உத்தரவுக்குப் பல் முளைத்துவிடும்.

நீர்நிலை, சுற்றுச்சூழல் விஷயம் என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். மற்ற பெரும்பாலான மனுக்களுக்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதம். இந்தக் கெடுவைத் தவறவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்து வழக்கறிஞர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

10. தடுக்க முடியாவிட்டால் கேட்க வேண்டியவை

பல ஊர்களில் கடைசியில் மனைப்பிரிவு வரத்தான் செய்யும், எங்கள் ஊரிலும் வந்தது. ஆனால் வாய்க்கால் அதன் அகலத்தோடு திரும்பி வந்தது; மனை 14 முதல் 18 வரை வரைபடத்திலிருந்து போய்விட்டன. இந்தத் திருத்தங்களை ஆரம்ப மனுவிலேயே மாற்றுக் கோரிக்கையாக எழுதி வைப்பது புத்திசாலித்தனம்: நீர்வழியில் குழாய் புதைக்காமல் சிறுபாலம், வெள்ள மட்டத்துக்கேற்ற வடிகால், கீழ்வயல்களுக்கான பாதை.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட வேண்டும். 3,000 முதல் 10,000 வரை இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியிருக்கிறது. அந்தத் திறந்தவெளியை மூலையில் உள்ள பள்ளத்தில் தள்ளாமல் வாய்க்கால் கரையை ஒட்டி அமைக்கச் சொல்லுங்கள். கரைக்கு அது வேலி மாதிரி.

ஒப்புதல் வந்த பிறகு ஒரு நாள் ஒதுக்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகலை வாங்குங்கள். அதில் உள்ள சாலைகளும் பூங்காவும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா, பட்டா ஊராட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால், ஒன்றரைப் பக்கத்தில் இன்னொரு மனு.